இரண்டு நஞ்சும் ஒரு மடைக்கல்லும்

பெயர் இல்லாத பொருளை நான் எளிதில் நம்புவதில்லை. எழுபதுகளின் பிற்பகுதியில், மார்க்கையன்கோட்டைக்கு அருகே எனக்கிருந்த ஒன்றரை ஏக்கர் நன்செயில் களைக்கொல்லி தெளிக்க நேர்ந்தது. அப்போது என் கைக்கு வந்த பொட்டலத்தின்மேல் இரண்டு எண்களும் ஓர் ஆங்கில எழுத்துமே பெயராக அச்சிடப்பட்டிருந்தன. உள்ளே வெள்ளைத் தூள். மோந்து பார்த்தேன். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தரை கழுவும்போது எழும் நாற்றம். அதனுடன் சேர்க்கவேண்டிய மற்றொன்று எண்ணெய் போன்ற நீர்மம். தண்ணீரில் விட்டால் பால்போல் வெளுத்துவிடும் என்றார்கள். அதற்குப் பெயர் இருந்தது. எனினும் அது வாயில் நுழையவில்லை.

நான் உத்தமபாளையத்தில் தமிழாசிரியராக இருந்த காலம் அது. மாலை வேளைகளிலும் விடுமுறை நாள்களிலும் மிதிவண்டியில் வயலுக்குப் போய்வருவேன். அவ்வாண்டு முறைத்தண்ணீர் எங்கள் மடைக்குப் பிந்தி வந்தமையால் மேற்பாதியை முதலிலும், பதினைந்து நாள் கழித்துக் கீழ்ப்பாதியையும் நட்டோம். களையெடுக்கும் பெண்கள் அதிகாலை ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டங்களுக்குப் போய்விட்டார்கள். கெஞ்சி அழைத்தும் ஒருவரும் வரவில்லை. விளைவாக, மேற்பாதியில் ஆரைக்கீரை பாய் விரித்ததுபோல் படர்ந்தது. நீர்மேல்நெருப்பு முழங்கால் உயரத்தில் பூக்கும் தறுவாயில் நின்றது. கீழ்ப்பாதியில் அதே களைகள் இரண்டிலையும் மூன்றிலையுமாக அப்போதுதான் தலைகாட்டின.

வேளாண்மை அலுவலர் ஒருவர், இளையவர், வரப்பில் நின்று இதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சார், ஒரே வயல்ல ரெண்டு வயசுக் களை நிக்குது. ஒத்த மருந்து அடிச்சா ஒண்ணு சாகும், இன்னொண்ணு நம்மளப் பாத்துச் சிரிக்கும். ரெண்டையும் கலந்து அடிங்க."

அவர் விளக்கியதன் சாரம் இது. எண்ணெய் போன்ற நஞ்சு பட்ட இடத்தை மட்டும் பொசுக்கும். இளங்களைக்கு அதுவே போதும். வளர்ந்த களையோ இலை பொசுங்கினாலும் வேரிலிருந்து மீண்டும் துளிர்த்துவிடும். வெள்ளைத் தூள் இலைவழியே உட்புகுந்து வேர்வரை செல்லும். செடியை அளவுமீறி வளரச்செய்து, முறுக்கி, அதன் வளர்ச்சியாலேயே அதைக் கொல்லும். பூத்து முற்றுவதற்கு முன் தெளித்தால்தான் அதற்கும் வலிமை. இரண்டும் சேர்ந்தால் இரு பருவத்துக் களைகளும் ஒரே நாளில் அகப்பட்டுக்கொள்ளும்.

"நெல்லும் செடிதானே. அதை எப்படி விட்டுவிடும்?" என்று கேட்டேன்.

"நெல்லு ஒல்லி இலை சார், தாங்கிக்கும். அகல இலையாப் பாத்துத்தான் பிடிக்கும். அதனால காத்தப் பாத்துக்கங்க. பருத்தி, திராட்சை, கொடிக்கால் பக்கம் ஒரு சொட்டுக்கூடப் போயிரக் கூடாது. அடிச்சு முடிச்சதும் ஸ்பிரேயர நல்லாக் கழுவிருங்க. லேசா ஒட்டியிருந்தாலும் அடுத்த பயிருக்கு ஆகாது."

நான் உடனே கிழக்கே திரும்பிப் பார்த்தேன். என் கிழக்கு வரப்பை ஒட்டி இராவுத்தர் ஒருவரின் இளங்கொடிக்கால் இருந்தது. இடுப்பளவு அகத்திகள் வரிசை வரிசையாக நின்றன. அவற்றின் காலடியில் வெற்றிலைக் கொடி நட்டு நாற்பது நாள்கூட ஆகவில்லை. அகத்தி இல்லையேல் கொடிக்குப் பற்றுக்கோடு இல்லை. அகத்தியும் அகல இலை, வெற்றிலையும் அகல இலை.

அந்தக் கொடிகளை நட்டவரையும் இங்கே அறிமுகப்படுத்த வேண்டும். எங்கள் பக்கத்துக் கொடிக்கால்காரர்கள் முதற்கொடியைக் கண்டவர் கையால் நடவிடமாட்டார்கள். கைராசி உள்ளவர் வைத்தால்தான் கொடி பிடிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. சின்னமனூர் முதல் உத்தமபாளையம் வரை அந்தக் கைராசிக்காக ஒருவரை அழைத்துக்கொண்டிருந்தார்கள். நடவுக்காரர் என்றே அவரைக் குறிப்பிடுகிறேன். கொடி நடும் பருவம் போக எஞ்சிய நாள்களில் மருந்து தெளிப்பது, வரப்பு வெட்டுவது எனக் கிடைத்த வேலையைச் செய்வார். என் வயலுக்குத் தெளிக்கவும் அவரைத்தான் அழைத்தேன்.

தெளிப்பான் என்னிடம் இல்லை. இராவுத்தரிடம் பித்தளைத் தெளிப்பான் ஒன்று இருந்தது. பூசணம் பிடிக்காதிருக்கத் துருசும் சுண்ணாம்பும் கரைத்துக் கொடிக்கு அடிப்பதற்காக அவர் வைத்திருந்தது. இரவல் கேட்டேன். மறுக்காமல் தந்தார்.

"ஒண்ணே ஒண்ணு வாத்தியாரய்யா. திருப்பிக் குடுக்கிறப்ப கழுவி மடைக்கல்லுல வச்சிருங்க. எம் பொருளுதேன். ஆனாலும் வெளிய போயிட்டு வந்த எதுவும் கழுவாம உள்ள வரக் கூடாது."

கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு நுழைவதில்லை. வாய்க்கால் உள்ளே புகும் இடத்தில் ஒரு தட்டைக்கல் கிடக்கும். அதில் நின்று கால் கழுவியபிறகே உள்ளே காலெடுத்து வைக்கவேண்டும். மண்வெட்டியாயினும் கூடையாயினும் அதே விதி. இராவுத்தருடைய மடைக்கல் என் வரப்பிலிருந்து மிகத் தொலைவில், கொடிக்காலின் வடகிழக்கு மூலையில் இருந்தது.

தெளித்த நாள் ஒரு சனிக்கிழமை. முந்தின நாளே வயல்நீரை வடித்துவிட்டு, வடிகால்களை நானே சேறு வைத்து அடைத்திருந்தேன். யாரையும் நம்பி அதை விட மனம் வரவில்லை. இரண்டு நஞ்சும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளுமோ என்ற ஐயமும் இருந்தது. ஆகவே முதலில் ஒரு கண்ணாடிக் குவளையில் சிறிதளவு கலந்து, திரிகிறதா என்று பார்க்க வரப்பில் வைத்துக் காத்திருந்தேன்.

நடவுக்காரர் குந்தியிருந்து அதையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "என்னய்யா, மோரு உறையுதான்னு பாக்குறீகளா?"

"நஞ்சுப்பா இது. விளையாட்டில்லை."

"நஞ்சுன்னு சொல்லாதீகய்யா, தோள்ல சுமக்கப் போறவன் நானு. மருந்துன்னு சொல்லுங்க, கொஞ்சம் தெம்பா இருக்கும்."

குவளையில் ஒன்றும் திரியவில்லை. பிறகு காற்று எப்பக்கம் வீசுகிறது என்று பார்க்கக் கைக்குட்டையை எடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே பீடி பற்றவைத்தார். புகை மேற்கே போயிற்று, கொடிக்காலுக்கு நேர் எதிர்ப்புறம். அப்படியிருந்தும் அவர் ஒவ்வொரு முறை தெளிப்பானை நிரப்பும்போதும் அருகில் நின்று அளவைப் பார்த்தேன். பாதியைத் தெளித்துவிட்டு மீதியை வேறு யாருக்கேனும் கொடுத்துவிடுவாரோ என்று கருதினேன். அப்படி எண்ணுவதற்கு அவர் எந்தக் காரணமும் தந்தவரல்லர். எனக்கு யாரும் காரணம் தரத் தேவையிருக்கவில்லை.

முற்பகலிலேயே வேலை முடிந்தது. தெளிப்பானை மடைக்கல்லுக்குக் கொண்டுபோய்க் கழுவி அதன்மேலேயே வைத்தோம். ஒருமுறை கழுவி நிமிர்ந்தவரை மறுபடியும் கழுவச் சொன்னேன். மூன்றாம் முறையும் சொன்னேன். அவர் முணுமுணுத்தாரேயன்றி மறுக்கவில்லை.

நான்காம் நாள் மாலை இராவுத்தர் என் வரப்புக்கு வந்தார். ஈரத்துண்டில் எதையோ சுற்றிக் கொண்டுவந்திருந்தார். விரித்தால் ஓர் அகத்திக் கொழுந்து. நிமிர்ந்து நிற்கவேண்டிய இலைக்காம்புகள் மோதிரம்போல் வளைந்து, தண்டைச் சுற்றிக் கீழ்நோக்கி முறுக்கியிருந்தன.

"இது என்னன்னு பாருங்கய்யா."

நான் பார்த்த மாத்திரத்தில் அறிந்துகொண்டேன். என் வயலில் வளர்ந்த ஆரைக்கீரை அன்று அதே வடிவில்தான் முறுகிக்கொண்டிருந்தது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு:

"காற்று மேற்கே வீசியது ராவுத்தரே. பீடிப்புகை வைத்தே பார்த்தோம்."

"நான் காத்தப் பத்திக் கேக்கலையே" என்றார். கொழுந்தைத் துண்டில் மறுபடி சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஒரு வரி என்னை உறங்கவிடவில்லை. கேட்டிருந்தால் விடை சொல்லியிருப்பேன். ஏசியிருந்தால் வாதாடியிருப்பேன். கேளாமல் போனவரை என்ன செய்வது? என்மேல் பழிசுமத்தத் திட்டமிடுகிறாரோ என்று எண்ணினேன். அவரே துருசை மிகுதியாகக் கலந்து அடித்துவிட்டு, அதை மறைக்க என்னிடம் வந்தாரோ என்றும் எண்ணினேன். ஒவ்வோர் ஐயத்தையும் ஒருநாள் வளர்த்து மறுநாள் கைவிட்டேன். கடைசியாக ஒன்று நிலைத்தது. என் வடிகால் அடைபட்டிருந்தது, காற்றும் எதிர்ப்புறம் வீசியது. எனவே நஞ்சு கொடிக்காலுக்குள் போயிருந்தால் யாரேனும் கையில் எடுத்துக்கொண்டு போயிருக்கவேண்டும். மிச்சக் கலவையை நடவுக்காரர் வாய்க்காலில் கொட்டியிருக்கிறார் என்று முடிவுகட்டினேன்.

மார்க்கையன்கோட்டைப் பேருந்து நிறுத்தத் தேநீர்க்கடையில், ஐந்தாறு பேர் எதிரில், அவரைக் கேட்டுவிட்டேன்.

"ஏப்பா, அன்றைக்கு மீதியிருந்ததை எங்கே கொட்டினாய்?"

அவர் குவளையைக் கீழே வைத்தார். "மீதி ஏதுய்யா? கடேசிச் சொட்டு வரைக்கும் நீங்கதேன பக்கத்துல நின்னு பாத்தீக."

"பார்த்தேன். என் கண்ணுக்குத் தப்பியிருக்கலாம் அல்லவா?"

"உங்க கண்ணுக்கா?" என்று கடைக்காரர் குறுக்கிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நடவுக்காரர் சிரிக்கவில்லை.

"ராவுத்தரு கொடிக்கா முறுக்கிக் கெடக்காமே, அதுக்குத்தேன் கேக்குறாக போல" என்றார் ஓரத்தில் இருந்த ஒருவர். "நட்ட கையே கொட்டிருச்சா?"

அந்தச் சொல் எங்கள் இருவருக்கும் முன்னே ஊருக்குள் போயிற்று. பத்து நாளுக்குள், சின்னமனூர்ப் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இருந்த இருவர் பேசிக்கொண்டு வந்தது காதில் விழுந்தது. இருவரும் கொடிக்கால்காரர்கள். அவ்வாண்டு நடவுக்கு அவரை அழைப்பதாக இருந்தார்களாம். "வேணாம்ப்பா. கை மாறிப்போச்சு. நட்டது முறுக்கிக்கிச்சுன்னு வாத்தியாரே டீக்கடையில சொல்லியிருக்காக." நான் அப்படிச் சொல்லவில்லை என்று அவர்களிடம் சொல்ல எழுந்தேன். எழுந்தவன் என் நிறுத்தம் வருமுன்னரே இறங்கிவிட்டேன்.

மறுநாள் நடவுக்காரர் என் வயலுக்கு வந்தார். வரப்பில் ஏறவில்லை, வாய்க்காலுக்கு அப்பால் நின்றே பேசினார்.

"ஐயா, நான் கொட்டலைன்னு நான் சொன்னா எடுபடாது. நீங்க சொன்னது எடுபட்டுருச்சு. இந்த வருசம் ஒரு கொடிக்காலுக்கும் என்னயக் கூப்பிடல. வேற வேலை கெடக்குது, மம்பட்டியும் தோளும் எங்கிட்டயும் இருக்கு. ஆனா இந்தக் கை போச்சுன்னா அது திரும்பாதுய்யா. எங்கன கொட்டுனேன்னு மட்டும் காமிங்க. காமிச்சிட்டீகன்னா நானே ஒத்துக்கிட்டுப் போறேன்."

அவர் கேட்டது நியாயம். காட்டிவிடலாம் என்ற துணிவோடுதான் நான் இராவுத்தரின் கொடிக்காலுக்குப் போனேன். அவர் அகத்தி வரிசைகளுக்கு நடுவே வாளியால் நீர் இறைத்துக்கொண்டிருந்தார். இளங்கொடிக்காலில் வரிசைகளுக்கு இடையிலுள்ள பள்ளத்து நீரை அள்ளிச் செடிகளின்மேல் விசிறுவதே வழக்கம். என்னைக் கண்டு, "வாங்கய்யா, காலக் கழுவிட்டு வாங்க" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு மடைக்கல்லில் ஏறினேன். குனிந்து நீரை அள்ளும்போது கண்ணெதிரே முதல் வரிசை அகத்திகள் தெரிந்தன. குச்சிகளாக நின்றன; காலடியில் கொடியும் கருகியிருந்தது. இரண்டாம் வரிசையில் கொழுந்தெல்லாம் தலைகீழ். மூன்றிலும் நான்கிலும் முறுக்கு. ஐந்தாவதில் சற்றே கோணல். அதற்கப்பால், என் வயல்வரை, ஒரு குறையும் இல்லை. என் வரப்பை ஒட்டிய வரிசைதான் எல்லாவற்றிலும் செழிப்பாக நின்றது. நஞ்சு என் வயலிலிருந்து வரவில்லை. நான் நின்றுகொண்டிருந்த கல்லிலிருந்து அது போயிருந்தது.

"இன்னொரு முறை கழுவு" என்று சொன்ன என் குரல் எனக்கே கேட்டது. முதல் கழுவலில் போன நஞ்சு, இரண்டாவதில் போன நஞ்சு, மூன்றாவதில் போன நஞ்சு, எல்லாம் அந்த மடைவழியே பள்ளத்தில் இறங்கின. மாலையில் இராவுத்தர் அதே நீரை வாளியால் அள்ளித் தம் அகத்திகளின்மேல் தாமே விசிறியிருக்கிறார். தொலைவான மேட்டில் கழுவச்சொல்லி அலுவலர் அன்று கூறினாரோ இல்லையோ, நினைவில்லை. கூறியிருந்தாலும், கொடிக்காலுக்குள் போகும் பொருளைக் கழுவ மடைக்கல்லைத் தவிர வேறிடம் உண்டென்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றியிராது.

கால் கழுவாமல் கல்லிலேயே நின்றேன். அப்போது வாய் திறவாமல் திரும்பியிருக்கலாம். பழி ஏற்கெனவே வேறொருவர்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அந்த எண்ணம் எழுந்ததை மறைப்பதற்கில்லை. அது எத்தனை நொடி நின்றது என்று மட்டும் சொல்ல இயலாது.

"ராவுத்தரே, கொட்டியவன் நான். கழுவியது அவர், கழுவச் சொன்னது நான்."

அவர் வாளியை வைத்தார். "எனக்கு மொத நாளே தெரியும். கல்லுப் பக்கமிருந்துதேன ஆரம்பிச்சிருக்கு."

"பின் ஏன் சொல்லவில்லை?"

"எப்பிடிச் சொல்றது? என் ஸ்பிரேயரு, எங் கல்லு. கழுவி வைங்கன்னு சொன்னதும் நானு. தண்ணிய அள்ளி ஊத்துனதும் நானு. உங்க மேல சொல்றதா, எம் மேல சொல்றதான்னு எனக்கே வெளங்கல. நீங்க பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்வீகன்னுதேன் கொழுந்தக் கொண்டாந்தேன். நீங்க காத்தப் பத்திப் பேசுனீக." வாளியை மறுபடி கையில் எடுத்தார். "நடுவுல அவன் பேர இழுப்பீகன்னு நான் நெனைக்கல."

"நாளைக்கே அவரிடம் சொல்லிவிடுகிறேன்."

"அவன்ட்டச் சொல்லி என்ன? அவனுக்குத் தெரியாததா? டீக்கடையில கேட்டீக. டீக்கடையிலயே சொல்லுங்க."

சொன்னேன். வகுப்பில் பாடம் நடத்துவதுபோல் கல், மடை, வாளி, வரிசை எல்லாவற்றையும் முறையாக எடுத்துச் சொன்னேன். முடித்ததும் கடைக்காரர் பெருமூச்சுவிட்டார்.

"பெரிய மனசுய்யா உங்களுக்கு. அவன் பொழப்பு போயிருச்சேன்னு நீங்க ஏத்துக்கிறீக."

"இல்லை. நடந்ததைத்தான் சொல்கிறேன்."

"அட, எங்களுக்குத் தெரியாதாய்யா? மூணு தடவை கழுவுன டப்பாவுல என்னத்த இருக்கப் போகுது!"

நான் ஐயத்தோடு கேட்ட ஒரு கேள்வியை நம்பியவர்கள், நான் உறுதியோடு சொன்ன உண்மையை நம்பவில்லை. நடவுக்காரர் கடை வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டார். என்னைப் பார்த்துக் கையை மட்டும் விரித்துக் காட்டிவிட்டுப் போனார்.

இதற்கு வழிகண்டவர் இராவுத்தர். பட்டுப்போன வரிசைகளின் பள்ளத்துச் சேற்றை வெட்டி வெளியேற்றினார். மடையைச் சில நாள் அடைத்து வேறு வழியாக நீர்விட்டார். பட்ட இடத்தில் அகத்தி விதைத்தார். அவை இடுப்பளவு வந்ததும், அக்கம்பக்கத்துக் கொடிக்கால்காரர் நால்வரை வரச்சொல்லி, அவர்கள் எதிரிலேயே நடவுக்காரரை அழைத்து அந்த ஐந்து வரிசைக்கும் கொடி நடச்சொன்னார். என்னையும் வரச்சொல்லியிருந்தார். நான் தனியே ஒதுங்கி நின்றேன். நடவுக்காரர் கல்லில் நின்று நெடுநேரம் கால் கழுவினார். பிறகு உள்ளே போய், கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி கொடித்துண்டு ஒவ்வொன்றையும் வைத்து, பெருவிரலால் அழுத்தினார்.

அதன்பின் நாள்தோறும் பள்ளி விட்டதும் அங்கேதான் போனேன். மண்ணில் எங்கோ எச்சமிருக்கும், எப்படியும் முறுக்கிவிடும் என்றே என் மனம் கூறிக்கொண்டிருந்தது. இருபத்தைந்தாம் நாள் அளவில் முதல் வரிசையில் ஒரு கணுவில் பச்சைப்புள்ளி ஒன்று தெரிந்தது. மறுநாள் அது நேராக நிமிர்ந்திருந்தது. முறுக்கு இல்லை என்பதை மண்டியிட்டுப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். மாத இறுதியில் ஐந்து வரிசையும் பிடித்துவிட்டன. கொடிக்கால்காரர்கள் வந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் போகும்போது நடவுக்காரரிடம், "வாற வெள்ளிக்கெழம நம்மகிட்ட வந்துரு" என்றார்.

என் வயலில் அந்தக் கலவை என்ன செய்தது என்றும் சொல்லவேண்டும். இளங்களைகள் இரண்டே நாளில் பொசுங்கின. வளர்ந்தவை பத்து நாள் முறுகிக் கிடந்து மடிந்தன. பூத்துவிட்ட நீர்மேல்நெருப்பு மட்டும் சில இடங்களில் பிழைத்தது. புல்லினக் களையான குதிரைவாலியும் அங்கங்கே எஞ்சி நின்றது. அலுவலர் சொன்னது பெரும்பாலும் சரி. ஆயினும் அந்த வெள்ளைத் தூளை நான் நம்பியதில்லை. அது தன் வேலையைச் செய்தது, அவ்வளவே.

அடுத்த பருவத்தில் மீண்டும் தெளிக்கவேண்டியிருந்தது. வேறு ஆளை அழைக்கக் கூசி, நடவுக்காரரிடமே போய் நின்றேன். உடனே ஒப்புக்கொண்டார்.

"வாரேன்யா. குவளையில மோரு வச்சுப் பாருங்க, பீடிப் புகையப் பாருங்க, டப்பாவ எண்ணுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா கழுவுறப்ப மட்டும் நீங்க அங்கன இருக்கக் கூடாது."

வாய்க்காலிலிருந்து நெடுந்தொலைவில், தரிசு மேட்டில் ஒரு குழி வெட்டிக்கொடுத்துவிட்டு, வேலை முடியுமுன்னரே மிதிவண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் இருமுறை நின்றேன். திரும்பவில்லை. அன்று அவர் எத்தனை முறை கழுவினார் என்று அவரைக் கேட்டதேயில்லை.